ஸ்பானர் பிடித்தவர்கள்

(சமயநல்லூரில் மாணவர்களும் மெக்கானிக்குகளும் ஓய்வுபெற்ற மின்வாரிய, ரயில்வே ஊழியர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மதுரைச் சீமையில் இன்ஜினியர் என்று பேச்செடுத்தாலே பெரியாறு அணை கட்டிய பென்னிகுக் வந்து நிற்பார். அவர் கொண்டுவந்த தண்ணீரில் விளைந்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இன்று நான் பேச வந்தது இன்ஜினையும் வண்டியையும் ஓட வைத்தவர்களைப் பற்றி. அதற்குச் சமயநல்லூர் தோதான ஊர். 1875-ல் திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். நீராவி இன்ஜின் இந்த ஊரைத் தாண்டித்தான் மதுரையைப் பார்த்தது. 2001-ல் இங்கே 106 மெகாவாட் டீசல் மின்நிலையம் உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு ஊற்றிய எண்ணெய் உங்களில் பலருக்குத் தெரியும். கறுப்பாக, மெழுகு மாதிரி உறைந்து கிடக்கும். சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். அப்படி எடுத்த மின்சாரம் விலை கூடுதல் என்ற விவகாரம் தனிக்கதை. அதை மின்வாரியத்தார் பேசட்டும்.

நான் சொல்ல வருவது வேறு. 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய இன்ஜினின் சக்தி ஏறத்தாழ 18 குதிரைத்திறன். சுமார் 13 கிலோவாட். நிமிடத்துக்கு 154 சுற்று. சமயநல்லூரில் நின்ற இன்ஜின்களின் மொத்தச் சக்தி அதைப்போல் எட்டாயிரம் மடங்கு. ஆனால் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். காற்றை மட்டும் உள்ளே இழு. அதைப் பதினைந்தில் ஒரு பங்காக, இருபதில் ஒரு பங்காக நெருக்கு. நெருக்கினால் அது கொதிக்கும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சு. தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதே, அந்தச் சூடுதான் இது. அன்றைய நீராவி இன்ஜின்கள் எரிபொருளில் பத்தில் ஒரு பங்கை வேலையாக்கவே திணறியபோது, டீசலின் இன்ஜின் நூற்றுக்கு 26 பங்கை வேலையாக்கியது. 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம் ஊர்க் கடலை எண்ணெய்தான். இன்றைய செக்கு எண்ணெய் விலைக்கு அந்த யோசனையை யாரும் எடுக்க மாட்டோம்.

டீசல் பட்டம் பெற்றவர். மியூனிக்கில் முறையாகப் படித்தவர். முன்னோடிகள் எல்லோரும் அப்படிப் படித்துவிட்டு வந்து, ஒருநாள் ஞானோதயம் வந்து, இன்ஜினைக் கண்டுபிடித்தார்கள் என்று நம் பாடப்புத்தகம் ஒரு சித்திரம் கொடுக்கிறது. எனக்கு அந்தச் சித்திரத்தோடு சண்டை. வரிசையாகப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் பழுது பார்க்கப் போனவர்கள்.

ஜேம்ஸ் வாட் கெட்டில் மூடி ஆடுவதைப் பார்த்து நீராவி இன்ஜினைக் கண்டுபிடித்தார் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். நீராவி இன்ஜின் அதற்கு முன்பே இருந்தது. 1712-லேயே நியூகாமனின் இன்ஜின் சுரங்கத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. வாட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இல்லை. கருவிகள் செய்கிற, சரிசெய்கிற ஆள். 1763-64 குளிர்காலத்தில், வகுப்பில் காட்டுவதற்கு வைத்திருந்த நியூகாமன் இன்ஜினின் சின்ன மாதிரி ஓடவில்லை என்று அவரிடம் கொடுத்தார்கள். பழுதை நீக்கினார். அப்படியும் சில அடிகள் ஓடிவிட்டு நின்றது. நம்மில் பலர், "சார், இது இவ்வளவுதான் ஓடும்" என்று சொல்லிக் கூலியை வாங்கியிருப்போம். அவர் ஏன் நிற்கிறது என்று கேட்டார். ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டரைச் சுடவைத்து, உடனே குளிரவைத்து, மறுபடியும் சுடவைப்பதிலேயே நீராவியின் பெரும்பகுதி செலவாகிறது என்று கண்டார். குளிரவைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்தால் என்ன என்ற யோசனை 1765-ல் வந்தது. காப்புரிமை 1769-ல். வந்த வேலை ரிப்பேர், முடிந்தது இப்படி.

ஜார்ஜ் ஸ்டீபன்சன் பதினெட்டு வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவர். அப்பா சுரங்கத்தில் இன்ஜினுக்கு நெருப்புப் போடுகிறவர். 1811-ல் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் இன்ஜின் மக்கர் பண்ணியது. பெரிய பெரிய ஆட்கள் கைவிட்ட பிறகு, இவர் பிரித்துச் சரிசெய்து ஓட்டிவிட்டார். அந்த ரிப்பேருக்குப் பிறகுதான் சுரங்கத்தின் இன்ஜின்கள் எல்லாம் அவர் பொறுப்புக்கு வந்தன. 1829-ல் அவரும் மகன் ராபர்ட்டும் கொண்டுவந்த 'ராக்கெட்' இன்ஜின் மணிக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. சமயநல்லூருக்கு வந்த ரயில் அந்த வம்சத்தைச் சேர்ந்தது.

தாய்மார்கள் பலர் வந்திருக்கிறீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கார்ல் பென்ஸ் 1886 ஜனவரியில் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்கினாரே தவிர வண்டியை யாரும் நம்பவில்லை. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, கணவருக்குத் தெரியாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு அதை ஓட்டிப் போனார். நூறு கிலோமீட்டருக்கும் கூடுதலான தூரம். அன்றைக்குப் பெட்ரோல் பங்க் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்தும் ஊசியை எடுத்துக் குத்திவிட்டார். பொறி கொடுக்கும் கம்பியில் மேலுறை தேய்ந்து கசிந்தது. காலுறைப் பட்டையைச் சுற்றினார். இறக்கத்தில் மரப் பிரேக் தேய்ந்துபோனது. வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்துத் தோலை ஆணியடித்து வைக்கச் சொன்னார். மேட்டில் வண்டி ஏறவில்லை, மகன்கள் தள்ளினார்கள். வீடு திரும்பியதும் கணவரிடம், மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்றார், அவரும் வைத்தார். அந்த வண்டியை வடிவமைத்தவர் கார்ல் பென்ஸ் என்பதில் சந்தேகமில்லை. அதை வண்டியாக ஆக்கியது பெர்த்தா என்பது என் கட்சி.

இனி நம் பக்கம் வருவோம்.

சென்னையில் சிம்ப்சன் கம்பெனி 1840 முதல் குதிரை வண்டி கட்டிவந்தது. அங்கே வேலை பார்த்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் ஒரு நீராவிக் காரைக் கட்டினார். இந்தியாவிலேயே கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அது என்று சொல்லப்படுகிறது. சென்னையில் எம்.சி.1 என்ற பதிவு எண் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு. கணித மேதை ராமானுஜன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது அதன் தலைவராக இருந்த அதே இன்ஜினியர்தான். கார் அன்றைக்குத் துரைமார்களின் விளையாட்டுச் சாமான். அதைச் சந்தைக்குப் போகிறவனும் சம்பந்தி வீட்டுக்குப் போகிறவனும் ஏறுகிற வண்டியாக ஆக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்கிறவர் மதுரைக்காரர்.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில் பார்த்தார், ரயில்வேயில் இருந்தார், வங்கியில் இருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1911-ல் கம்பெனி தொடங்கி, 1912-ல் மதுரையில் பஸ் விட்டார். அன்றைய சாலையை மனத்தில் கொண்டுவந்து பாருங்கள். தார் கிடையாது. மாட்டு லாடத்திலிருந்தும் குதிரை லாடத்திலிருந்தும் விழுந்த ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும். இறக்குமதியான வண்டி குளிர்தேசத்துக்காகச் செய்தது. ரேடியேட்டர் நம் சித்திரை வெயிலைப் பார்த்ததில்லை. ஒரு உதிரி பாகம் வேண்டுமென்றால் கப்பலில் வரவேண்டும். அந்தச் சூழலில் டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று ஊர் பேசியது. பழைய மதுரைக்காரர்கள் இன்றும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தப் பேச்சை நாம் ஒழுக்கத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போ என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். எனக்கு அதில் தெரிவது ஷெட். டிரைவர் நல்லவராக இருப்பதால் மட்டும் பஸ் நேரத்துக்குப் போகாது. முதல்நாள் இரவில் யாரோ பிரேக்கைப் பார்த்திருக்க வேண்டும், கிரீஸ் வைத்திருக்க வேண்டும், தேய்ந்த பாகத்தை அது உடைவதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். எந்த பாகம் எவ்வளவு ஓடினால் தேயும் என்று ரிஜிஸ்டரில் எழுதியிருக்க வேண்டும். ரயில்வேயில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் கால அட்டவணையின் அருமை ஐயங்காருக்குத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். டயருக்கு மறுபடி ரப்பர் போடும் தொழிற்சாலையையும் அவர் தொடங்கியதற்கு இதுதான் காரணமாக இருக்கவேண்டும்: தேய்வதை அவர் தலைவிதியாக எடுத்துக்கொள்ளவில்லை, கணக்காக எடுத்துக்கொண்டார். இதே திண்டுக்கல் பாதையில், சின்னாளபட்டிப் பக்கம், 1947-ல் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அவருடைய மகள் என்பதையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்கள் நின்றுவிடும் நிலை. அப்போது டி.வி.எஸ். கரி வாயுக் கருவி ஒன்றை வடிவமைத்துத் தயாரித்தது. 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்று பெயர். நம் தாத்தாக்கள் 'கரி பஸ்' என்றார்கள்.

கரி பஸ்ஸை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். பஸ்ஸின் பின்புறத்தில் ஆளுயரத்துக்கு ஒரு இரும்பு உருளை தொங்கும். அதில் அடுப்புக்கரியைக் கொட்டி அடியில் தீ வைப்பார்கள். கிளீனர் பையன் ஒரு கைப்பிடியைப் பிடித்துக் காற்றாடியைச் சுற்றுவான். சுற்றிச் சுற்றி, தோள் இறங்கிப்போகும். கரி முழுதாக எரிய வேண்டுமென்றால் நிறையக் காற்று வேண்டும். இங்கே வேண்டுமென்றே காற்றைக் குறைத்துக் கொடுப்பார்கள். அரைகுறையாக எரிகிற கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அது எரியக்கூடிய வாயு. அந்த வாயுவைக் குழாய் வழியாகக் கொண்டுபோய்க் குளிரவைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, காற்றோடு கலந்து இன்ஜினுக்குள் விட்டால், பெட்ரோல் இன்ஜின் பெட்ரோல் இல்லாமல் ஓடும். வடிகட்டுவதில்தான் சூட்சுமம் எல்லாம். கொஞ்சம் சாம்பல் உள்ளே போனாலும் சிலிண்டரை அரம் போட்டதுபோல் தின்றுவிடும். வாயு நச்சு, மூடிய ஷெட்டுக்குள் பற்ற வைத்தால் ஆள் காலி. இன்ஜினின் வலுவும் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிகூடக் குறைந்துவிடும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும். டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு தள்ளவும் சொல்கிறானே என்ற புலம்பல் அந்தக் காலத்து நகைச்சுவை.

தத்துவம் நம்முடையது இல்லை. ஜார்ஜ் இம்பேர் என்ற பிரெஞ்சுக்காரர் முதலிய பலர் ஐரோப்பாவில் அதற்கு முன்பே இதற்கான உலைகளைச் செய்திருந்தார்கள். போர்க்காலத்தில் ஐரோப்பாவிலும் லட்சக்கணக்கான வண்டிகள் கரியிலும் விறகிலும் ஓடின. ஆனால் நம் ஊரில் கிடைக்கிற தகட்டை வளைத்து, நம் ஊர்க் கரிக்கு ஏற்றபடி செய்து, நம் ஊர் கிளீனர் பையன் கையாளுகிற மாதிரி ஆக்கி, தொழிற்சாலைச் சரக்காக விற்றார்கள் பாருங்கள், அது மதுரையின் பொறியியல். சொந்தமாக ஓட்டிப் பழுது பார்த்த அனுபவம் இல்லாத கம்பெனி இதைச் செய்திருக்க முடியாது.

கோயம்புத்தூருக்குப் போனால் ஜி.டி. நாயுடு. 1893-ல் கலங்கலில் பிறந்தவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் பித்துப்பிடித்து, அதை வாங்கக் காசு சேர்ப்பதற்காக ஓட்டலில் சர்வராக வேலை பார்த்தார். வாங்கினார். வாங்கியதும் அதைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டிப் பூட்டிப் பார்த்தார். அதுதான் அவருடைய காலேஜ். 1920-ல் ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஓட்டத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனி ஆனது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தார். கோவை மோட்டார் பம்புக்கு ஊரான கதையின் பிள்ளையார் சுழி அந்தக் காலத்தில் போட்டதுதான். 1945-ல் ஜி.டி. நாயுடுவின் கொடையால் பொறியியல் கல்லூரியும் வந்தது. நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டே போதும் என்று வாதாடி, அரசு ஒத்துக்கொள்ளாததால் அதன் முதல்வர் பதவியை விட்டார். இதில் நான் நாயுடு கட்சி இல்லை. கைத்தொழிலுக்கு இரண்டு வருடம் போதும். ஏன் என்று கேட்பதற்கு நாலு வருடமும் போதாது.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்குத் தரலாம் என்று செய்து காட்டினார். உற்பத்திக்கு அரசு உரிமம் கிடைக்கவில்லை. 1951-ல் வந்த தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின் காலம் அது. எதை யார் எவ்வளவு செய்யலாம் என்பது தில்லியில் தீர்மானமாகும். நாயுடுவைப் பற்றி மேடையேறுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் கண்ணீர் விட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நான் இன்னும் ஒரு படி கேட்கிறேன். உரிமம் கொடுத்திருந்தால் அந்தக் கார் ஆயிரக்கணக்கில் வந்திருக்குமா?

வாட் கதைக்கே திரும்புகிறேன். 1765-ல் யோசனை வந்தது என்றேன் அல்லவா? விற்கக்கூடிய இன்ஜின் ஓடியது 1776-ல். நடுவில் பதினோரு வருடம். காரணம், பிஸ்டனும் சிலிண்டரும் நெருக்கமாகப் பொருந்தவில்லை, நீராவி கசிந்தது. 1774-ல் ஜான் வில்கின்சன் பீரங்கிக் குழாயைக் கடைவதற்கு ஒரு இயந்திரம் செய்தார். அதில் கடைந்த ஐம்பது அங்குலச் சிலிண்டரில் ஒரு ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிசகு இல்லை என்று போல்டன் எழுதினார். மாத்யூ போல்டன் வாட்டின் பங்காளி. காசு போட்டவர், பொறுமையாகக் காத்தவர். 1775-ல் பார்லிமென்ட்டே சட்டம் போட்டு வாட்டின் காப்புரிமையை 1800 வரை நீட்டியது. ஒரு ரிப்பேர்க்காரர் முன்னோடி ஆவதற்கு, கடைசல் இயந்திரக்காரர் ஒருவர், முதலாளி ஒருவர், கூடவே ஒரு அரசாங்கம் தேவைப்பட்டன. நாயுடுவுக்குக் கையும் மூளையும் சொந்தப் பணமும் இருந்தன. அவரைச் சுற்றி கியரும் பேரிங்கும் செய்து கொடுக்க அன்றைக்குத் தென்னாட்டில் ஆள் அரிது. உரிமம் மறுத்தது தவறு. ஆனால் பழியை முழுக்க உரிமத்தின் தலையில் போடுவது சோம்பேறித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

டி.வி.எஸ். குடும்பம் வேறு வழியில் போனது. முழு வண்டிக்கு ஆசைப்படாமல், வீல், பிரேக், மின்சாதனம், போல்ட் நட் என்று பாகங்களில் இறங்கினார்கள். சுந்தரம் ஐயங்கார் 1955-ல் காலமானார். அறுபதுகளில் வெளிநாட்டுக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று வரிசையாக வந்தன. 1972-ல் அரசு, டி.வி.எஸ். பஸ்களை எடுத்துக்கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது, பஸ் போனதே தவிரப் பாகங்கள் செய்த கை போகவில்லை. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. சோழவந்தான் வெற்றிலைக் கட்டும் பரவை மார்க்கெட் காய்கறி மூட்டையும் நாலு பேர் குடும்பமும் அதில் போவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு பேருக்காகச் செய்த வண்டி அது என்பது அதைச் செய்தவர்களுக்கே மறந்திருக்கும்.

கரூரில் பஸ் பாடி, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி, எல்லாம் இதே பட்டறை மரபில் வந்தவைதான். அவற்றைப் பற்றிப் பேச இன்னொரு நாள் வேண்டும். இன்னும் ஒரே ஒரு இன்ஜினைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

வயல்காட்டுக் கிணற்றடியில் கமலையைத் துரத்திவிட்டு உட்கார்ந்ததே ஆயில் இன்ஜின், அது. வால்வு லீவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலைப் போட்டு, குனிந்து சுற்ற வேண்டும். வீல் வேகம் பிடித்ததும் லீவரைத் தட்டிவிட்டால் ஒரு 'டும்', கறுப்புப் புகை, அப்புறம் டுக்கு டுக்கு என்று ஊருக்கே கேட்கும். சத்தத்தை வைத்தே இது யார் தோட்டத்து இன்ஜின், நாசில் அடைத்திருக்கிறதா, டேப்பட் தளர்ந்திருக்கிறதா என்று சொல்கிற ஆட்கள் இருந்தார்கள். ருடால்ஃப் டீசலைப் படிக்காமலே டீசலின் தத்துவத்தைக் காதால் படித்தவர்கள். அவர்களில் சிலர் இப்போது இந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கிறார்கள்.

வாட்டின் கடிதங்கள் கட்டுக்கட்டாகப் பத்திரமாக இருக்கின்றன. ஸ்டீபன்சனின் ராக்கெட்டை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கோவையில் நாயுடுவின் பெயரால் நடக்கும் அறக்கட்டளை கார் அருங்காட்சியகமே வைத்திருக்கிறது. ஆனால் கரி பஸ்ஸில் வடிகட்டியைக் கழுவிய கிளீனரின் பெயர் என்ன? எந்தத் துணியை, எந்த நாரைப் போட்டால் சாம்பல் நிற்கும் என்று முதலில் கண்டவர் யார்? மின்நிலையத்தில் அந்த மெழுகு எண்ணெய் குழாயில் உறைந்தபோது என்ன செய்தீர்கள்? ஐயா, இதையெல்லாம் நீங்கள் டீக்கடையில் சொல்லியிருப்பீர்கள், பேப்பரில் எழுதியிருக்க மாட்டீர்கள்.

அதனால் மாணவத் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் தெருவில் ஒரு பழைய ஃபிட்டரோ டிரைவரோ பவர் ஹவுஸ்காரரோ இருப்பார். கையில் இருக்கிற போனில் அவர் பேச்சைப் பதிவு செய்யுங்கள். தோட்டத்தில் துருப்பிடித்துக் கிடக்கிற ஆயில் இன்ஜினைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுவதற்கு முன்னால், அதன் பெயர்த் தகட்டைக் கழற்றி எடுத்து வையுங்கள். எந்த வருடம் வாங்கியது, யார் ஓட்டினார், யார் பழுது பார்த்தார், எந்த பாகத்தை எதை வைத்துச் சரிசெய்தார் என்று ஒரு நோட்டில் எழுதி, ஊர் நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.